நீரிழிவு வருமுன் அறிதல்: பேராசிரியர் எம். விஸ்வநாதனின் வாழ்வும் உங்கள் பரிசோதனை அறிக்கையும்

தருமபுரி மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்ட ஒருவரது அறிக்கையில், வெறும் வயிற்றுச் சர்க்கரை 114 என்று குறிக்கப்பட்டிருக்கலாம். நீரிழிவு எனக் கூறத்தக்க அளவை அது எட்டவில்லை. இயல்பான அளவுக்குள்ளும் அது அடங்கவில்லை. மாத்திரை எதுவும் எழுதித் தரப்படாததால் தமக்கு ஒன்றுமில்லை என்று கருதி அறிக்கையை மடித்து வைத்துவிடுவோர் பலர். தந்தைக்கோ தாய்க்கோ நீரிழிவினால் கால் விரல் அகற்றப்பட்டதைக் கண்டவர்கள், தமக்கும் அதே நிலைதான் என்று அஞ்சி உறக்கம் இழப்பதும் உண்டு. இவ்விரு எண்ணங்களும் தவறானவை.

இடைப்பட்ட இந்த எண், நீரிழிவுக்கு முந்தைய நிலையைக் குறிக்கிறது. நோய் வருவதற்கு முன் கிடைக்கும் அவகாசம் அது. அந்த அவகாசத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்று நம் நாட்டு மக்களிடையே ஆராய்ந்தவர்களுள் முன்னோடி, பேராசிரியர் எம். விஸ்வநாதன். இந்திய நீரிழிவு மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் அவர் 1996ஆம் ஆண்டு மறைந்தார். அவரது வாழ்க்கைப் பணியின் வழியாகப் பரிசோதனை முடிவுகளின் பொருளை நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் இப்பக்கம் விளக்குகிறது.

ஸ்டான்லி மருத்துவமனையில் ஒரு தனிப்பிரிவு

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948இல், சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவு நோயாளிகளுக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவை இளம் மருத்துவரான விஸ்வநாதன் தொடங்கினார். நாட்டின் முதல் நீரிழிவுச் சிறப்புப் பிரிவாக அது குறிப்பிடப்படுகிறது.

அன்றைய மருத்துவ நிலையை எண்ணிப் பார்த்தால் இம்முயற்சியின் அருமை விளங்கும். கனடாவின் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் ஆகியோர் 1921இல் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு நீரிழிவுக்கு இன்சுலினும் உணவுக் கட்டுப்பாடுமே கைகண்ட வழிகளாக இருந்தன. இன்று வழக்கிலுள்ள மாத்திரை வகைகள் 1950களின் நடுப்பகுதிக்குப் பின்னரே பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தன.

காய்ச்சல் தணிந்தால் நோயாளி வீடு திரும்பிவிடுவார். நீரிழிவு அவ்வாறு ஒருமுறை மருந்தோடு முடிவதன்று. நோயாளி திரும்பத் திரும்ப வரவேண்டும். அவரது உணவையும் உழைப்பையும் குடும்பத்தையும் மருத்துவர் அறிந்திருக்க வேண்டும். தனிப்பிரிவின் பயன் இதுவே. அங்கு ஒரே நோயாளியைப் பல ஆண்டுகள் தொடர்ந்து காண இயலும். அவருடன் துணைக்கு வரும் மகனையும் மகளையும் காண இயலும். விஸ்வநாதனின் பிற்கால ஆய்வுகள் அந்தப் பிள்ளைகளைப் பற்றியவையாகவே அமைந்தன.

சிறுநீரில் தெரியாத சர்க்கரை

அக்காலத்தில் நீரிழிவை அறிவதற்குச் சிறுநீர்ச் சோதனையே எளிய வழி. பெனடிக்ட் கரைசல் என்னும் நீல நிற நீர்மத்தில் சில துளிச் சிறுநீரைச் சேர்த்துச் சூடாக்குவர். சர்க்கரை இல்லையெனில் நீலம் மாறாது. சர்க்கரையின் அளவுக்கேற்ப நிறம் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என மாறும்.

இச்சோதனைக்கு ஒரு பெருங்குறை உண்டு. இரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சிறுநீரகங்கள் வெளியே விடாமல் மீட்டுக்கொள்கின்றன. இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் கடந்த பின்னரே அது சிறுநீரில் கசியத் தொடங்கும். எனவே உணவுக்குப் பின் இரத்தச் சர்க்கரை 160 வரை உயர்பவரின் சிறுநீரைச் சோதித்தாலும் கரைசல் நீலமாகவே இருக்கும். அவர் நலமாக இருப்பதாகவே கருதப்படுவார். பின்னாளில் ஒருநாள் நோய் திடீரென வந்ததுபோல் தோன்றும்.

உண்மையில் அது திடீரென வருவதில்லை. நாம் உண்ணும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இரத்தத்தில் சேர்கிறது. அதனைத் தசைகளுக்கும் கல்லீரலுக்கும் செலுத்தும் பணியைக் கணையத்தில் சுரக்கும் இன்சுலின் செய்கிறது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு கூடும்போதும் உடலுழைப்பு குறையும்போதும் இன்சுலினுக்கு உடல் சரிவரக் கட்டுப்படுவதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து சில ஆண்டுகள் ஈடுகொடுக்கிறது. அதன் ஆற்றல் தளரத் தொடங்கும்போது இரத்தச் சர்க்கரை சிறிது சிறிதாக உயர்கிறது. இந்த இடைக்காலமே நீரிழிவுக்கு முந்தைய நிலை. பெரும்பாலோருக்கு இக்காலத்தில் எவ்வித அறிகுறியும் இராது. ஆகவே இரத்தப் பரிசோதனை ஒன்றே இதனை அறியும் வழி.

75 கிராம் குளுக்கோசை நீரில் கரைத்துப் பருகச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரையை அளக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1980இல் பொது அளவுகோலாக ஏற்றது. இயல்புக்கும் நீரிழிவுக்கும் இடைப்பட்ட நிலைக்கு அக்காலத்தில்தான் உறுதியான வரையறையும் கிடைத்தது.

இராயபுரத்து மருத்துவமனை

1954ஆம் ஆண்டு, துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் மிகுதியாக வாழும் வடசென்னையின் இராயபுரத்தில் விஸ்வநாதன் ஒரு பொது மருத்துவமனையைத் தொடங்கினார். 1971இல் அது முற்றிலும் நீரிழிவுக்கான மருத்துவமனையாக மாற்றப்பட்டது. கண், சிறுநீரகம், நரம்பு, கால், இதயம் எனப் பல உறுப்புகளை நீரிழிவு பாதிக்கிறது. அவை அனைத்தையும் ஒரே இடத்தில் கவனிக்கும் தேவையை உணர்ந்து எடுக்கப்பட்ட முடிவு அது. அதனையொட்டி அவர் உருவாக்கிய நீரிழிவு ஆராய்ச்சி மையம், பின்னர் உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு மையமாகவும் ஏற்கப்பட்டது.

உணவு குறித்த அவரது பணியும் குறிப்பிடத்தக்கது. நீரிழிவு உள்ளோர் மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்து, அதற்கு ஈடாகக் கொழுப்பையும் புரதத்தையும் கூட்ட வேண்டும் என்பது மேலை நாடுகளில் நெடுநாள் நிலவிய அறிவுரை. சோறும் களியும் உண்டு வாழும் நம் மக்களால் அவ்வுணவை நெடுங்காலம் பின்பற்ற இயலாது. வறியவர்களுக்கு அது கட்டுப்படியாகவும் ஆகாது. தானியம், பருப்பு, பயறு, கீரை, காய்கறி ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட, நார்ச்சத்து மிகுந்த உணவு முறையை விஸ்வநாதனும் அவருடன் பணியாற்றியோரும் நோயாளிகளிடம் பயன்படுத்தி, அதன் பலனை மருத்துவ இதழ்களில் வெளியிட்டனர். சர்க்கரையையும் இனிப்பையும் அம்முறை அனுமதிக்கவில்லை. உண்ணும் மாவுச்சத்து, நார்ச்சத்தோடு சேர்ந்து அளவாக அமைய வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

நோயாளிகளின் பிள்ளைகள்

ஒரே குடும்பத்தில் நீரிழிவு தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதை அவர் கவனித்து வந்தார். தாய், தந்தை இருவருக்கும் நீரிழிவு உள்ள குடும்பங்களின் பிள்ளைகளைப் பரிசோதித்து, வே. மோகன், சி. சினேகலதா, அ. இராமச்சந்திரன் ஆகியோருடன் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1985இல் பன்னாட்டு நீரிழிவு மருத்துவ இதழில் வெளியாயிற்று. அப்பிள்ளைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நீரிழிவு இருந்தது. வேறு சிலர் இடைப்பட்ட நிலையில் இருந்தனர்.

இம்முடிவு பெற்றோரை அச்சுறுத்துவதற்கு உரியதன்று. நோய் எவரிடம் வரக்கூடும் என்பதை முன்கூட்டியே அறியலாம் என்பதே அதன் பொருள். அடுத்து எழுந்த கேள்வி, அவ்வாறு அறிந்த பின் அதனைத் தள்ளிப்போட இயலுமா என்பது. குடும்பத்தில் நீரிழிவு மிகுந்திருந்தும் தாம் இன்னும் நோய்க்கு ஆளாகாதவர்களை அவரது குழு பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பருமன் இல்லாதவர்களிடத்தும்கூட, உடல் எடையைக் குறைப்பது நீரிழிவின் தொடக்கத்தைத் தாமதப்படுத்துகிறது என்பது அதன் முடிவு. அக்கட்டுரை அவர் மறைந்த மறு ஆண்டு, 1997இல், அவர் பெயரை முதலில் தாங்கி வெளிவந்தது.

நோய் முற்றியவர்களுக்காக 1948இல் தொடங்கிய பணி, நோய் வராதவர்களைக் காப்பதில் வந்து நிறைவுற்றது. உங்கள் கையில் உள்ள அறிக்கையை இந்தக் கண்ணோட்டத்தில் படிக்க வேண்டும்.

அறிக்கையில் உள்ள எண்களின் பொருள்

கீழ்க்காணும் அளவுகள் கருவுறாத பெரியவர்களுக்கு உரியவை. சர்க்கரை அளவு, ஒரு டெசிலிட்டர் இரத்தப் பிளாஸ்மாவில் உள்ள மில்லிகிராமில் குறிக்கப்படுகிறது.

• வெறும் வயிற்றுச் சர்க்கரை (8 மணி நேரம் உண்ணாமல் இருந்த பின்): 100க்குக் கீழ் இயல்பு, 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 126 அல்லது அதற்கு மேல் நீரிழிவு.
• 75 கிராம் குளுக்கோசு பருகி 2 மணி நேரத்துக்குப் பின்: 140க்குக் கீழ் இயல்பு, 140 முதல் 199 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 200 அல்லது அதற்கு மேல் நீரிழிவு.
• எச்பிஏ1சி (ஏறத்தாழ மூன்று மாதச் சராசரி): 5.7 விழுக்காட்டுக்குக் கீழ் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5 அல்லது அதற்கு மேல் நீரிழிவு.

வெறும் வயிற்று அளவில் இடைப்பட்ட நிலை 100இல் தொடங்குவதாக அமெரிக்க நீரிழிவுச் சங்கமும், 110இல் தொடங்குவதாக உலக சுகாதார நிறுவனமும் வரையறுத்துள்ளன. ஆகவே 104 என்னும் ஒரே எண்ணை ஓர் ஆய்வகம் இயல்பு என்றும், மற்றோர் ஆய்வகம் எல்லை கடந்தது என்றும் குறிக்கக்கூடும். இதனால் குழப்பமடைய வேண்டாம். எண்ணை மருத்துவரிடம் காட்டி விளக்கம் பெறுங்கள்.

மேலும் சில செய்திகளை நினைவிற்கொள்க.

• விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் கருவியில் பார்ப்பது தொடக்கநிலைச் சோதனையே. அதில் அளவு கூடுதலாகக் காணப்பட்டால், நரம்பில் இரத்தம் எடுத்து ஆய்வகத்தில் உறுதி செய்ய வேண்டும்.
• அறிகுறிகள் இல்லாத ஒருவருக்கு ஒரே ஒரு முடிவை வைத்து நீரிழிவு என்று முடிவு செய்வதில்லை. மற்றொரு நாள் மீண்டும் சோதிப்பதோ, வேறொரு சோதனையால் உறுதி செய்வதோ முறையாகும்.
• வெறும் வயிற்றுச் சோதனைக்கு முன் தண்ணீர் அருந்தலாம். காப்பி, தேநீர், பால், பீடி, வெற்றிலை பாக்கு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.
• குளுக்கோசுச் சோதனையின் இரண்டு மணி நேரமும் அமர்ந்திருக்க வேண்டும். சோதனைக்கு முந்தைய மூன்று நாட்கள் வழக்கமான உணவையே உண்ண வேண்டும். நல்ல முடிவு வரட்டும் என்று முந்தைய நாட்களில் பட்டினி கிடந்தால் முடிவு பிழையாகும்.
• காய்ச்சல், கடும் நோய், ஸ்டீராய்டு மருந்துகள் ஆகியவை சர்க்கரையை உயர்த்தக்கூடும். உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.
• இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகையில் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அண்மையில் இரத்த இழப்பு நேர்ந்தவர்களுக்கும் இரத்தம் ஏற்றப்பட்டவர்களுக்கும் அது குறைவாகக் காட்டலாம். அரிவாள் செல் இரத்தசோகை போன்ற பரம்பரைக் குறைபாடுகளிலும் இது நம்பத்தக்கதன்று. இவர்களுக்குச் சர்க்கரை அளவையே நேரடியாகச் சோதிப்பது நல்லது.
• கருவுற்ற பெண்களுக்கான அளவுகள் வேறு. கருக்காலத்தில் நீரிழிவு ஏற்பட்டு, பேற்றுக்குப் பின் மறைந்திருந்தாலும், அத்தாய்மார்கள் வாழ்நாள் முழுவதும் குறித்த கால இடைவெளியில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

அவருக்குப் பின் கிடைத்த சான்று

விஸ்வநாதன் விட்டுச்சென்ற கேள்விக்கு மேலும் உறுதியான விடையை அவருடன் பணியாற்றிய இராமச்சந்திரன் தலைமையிலான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு தந்தது. அதன் முடிவு 2006இல் வெளியாயிற்று. இடைப்பட்ட நிலையில் இருந்த 531 பேர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில், மூன்று ஆண்டுகளில் 100 பேருக்கு 55 பேர் என்னும் விகிதத்தில் நீரிழிவு ஏற்பட்டது. உணவிலும் உடற்பயிற்சியிலும் தொடர்ந்து வழிகாட்டப்பட்ட குழுவில் அது 39ஆகக் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை பெற்றோரிடமும், மாத்திரையோடு வாழ்க்கைமுறை மாற்றத்தையும் மேற்கொண்டோரிடமும் ஏறத்தாழ இதே அளவு பயனே கிடைத்தது.

இதில் இரு செய்திகள் அடங்கியுள்ளன. ஒன்று, ஏதும் செய்யாமல் இருப்பது பாதுகாப்பானதன்று. நம் மக்களிடையே இந்நிலை விரைவாக நீரிழிவாக மாறுகிறது. மற்றொன்று, நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும் மாத்திரைக்கு இணையான பயனைத் தரவல்லவை. இவ்வாய்வில் பங்கேற்றோருக்கு உடல் எடை பெரிதாகக் குறையவில்லை. ஆயினும் பயன் கிடைத்தது. எனவே எடை காட்டும் கருவியில் மாற்றம் தெரியவில்லை என்பதற்காக முயற்சியைக் கைவிட வேண்டாம்.

2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடனும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையிலும் வாழ்வதாக மதிப்பிட்டுள்ளது. இந்நிலையில் உள்ளவர் நீங்கள் மட்டுமல்லர்.

தருமபுரி மாவட்ட மக்கள் மேற்கொள்ள வேண்டியவை

கேழ்வரகும் சாமையும் விளையும் மாவட்டம் தருமபுரி. ராகிக் களியைச் சர்க்கரை நோய்க்கு மருந்தாகவே கருதுவோர் இங்கு உண்டு. கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி என்பது உண்மை. ஆயினும் அதுவும் மாவுச்சத்து உணவே. இரண்டு பெரிய உருண்டைகளுக்குப் பதில் ஒரு சிறிய உருண்டையும், அதனுடன் கீரைக் கடையலோ பயற்றுக் குழம்போ அவரை, கொள்ளு போன்றவையோ மிகுதியாகவும் உண்பது நன்று. நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் சர்க்கரை விரைவாக ஏறும். தட்டில் பாதியைக் காய்கறியும் கீரையும், கால் பங்கைப் பருப்பு, முட்டை, மீன் போன்ற புரத உணவும், எஞ்சிய கால் பங்கைச் சோறோ களியோ நிரப்பட்டும்.

மாம்பழக் காலத்தில் ஒரு முழுப் பழத்துக்குப் பதில் ஓரிரு துண்டுகளோடு நிறுத்திக்கொள்ளலாம். அதனையும் உணவோடு சேர்த்து உண்ணாமல் தனியே உண்ண வேண்டும். கரும்புச் சாறு, குளிர்பானம், சர்க்கரை கலந்த தேநீர் ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் இரத்தச் சர்க்கரையை உயர்த்துவதில் வெள்ளைச் சர்க்கரையினின்று பெரிதும் வேறுபட்டவை அல்ல. ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான் போன்றவற்றைப் பயன்படுத்துவோர் அதனை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். அவற்றை நம்பிப் பரிசோதனையைக் கைவிடலாகாது.

காட்டு வேலையைக் கைவிட்டு அமர்ந்து செய்யும் வேலைக்கு மாறியவர்கள் இன்று பலர். உழைப்பு குறைந்தும் உழைத்த காலத்து உணவின் அளவு குறையாதிருப்பதே இவர்களுக்கு ஆபத்து. நாள்தோறும் 30 நிமிடம், வாரத்தில் குறைந்தது ஐந்து நாட்கள் விரைந்து நடப்பது போதுமானது. எடை மிகுந்தவர்கள் தம் எடையில் 5 முதல் 7 விழுக்காடு குறைத்தாலே நல்ல பயன் உண்டு. 70 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறத்தாழ 4 அல்லது 5 கிலோ. ஒல்லியாகத் தோன்றுபவரும் இடுப்புச் சுற்றளவைக் கவனிக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லையாகும். புகையிலையை விடுதல், போதிய உறக்கம், இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் சோதித்தல் ஆகியவையும் இன்றியமையாதவை.

பராமரிப்போருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பின், அவருக்கெனத் தனியே சமைப்பதைவிட அனைவரும் அதே உணவை உண்பது நன்று. அவரைச் சோதனைக்கு அழைத்துச் செல்லும் நாளில் 30 வயது கடந்த பிள்ளைகளும் உடன்பிறந்தோரும் தாமும் சோதித்துக்கொள்ள வேண்டும். விஸ்வநாதனின் ஆய்வுகள் சுட்டிய வழி இதுவே.

எப்போது, எங்கு அணுக வேண்டும்

நீரிழிவுக்கு முந்தைய நிலை கண்டறியப்பட்டவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மறுபரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மிகுந்த தாகம், இரவில் அடிக்கடி சிறுநீர் கழித்தல், காரணமற்ற எடை இழப்பு, ஆறாத புண், மங்கலான பார்வை ஆகியவை தோன்றினால் காத்திராமல் உடனே மருத்துவரை அணுகவும். சிலருக்கு மருத்துவர் மெட்ஃபார்மின் பரிந்துரைக்கக்கூடும். தாமாக வாங்கி உட்கொள்ளலாகாது.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள், அரசு மருத்துவமனைகள், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றில் இச்சோதனைகளுக்கு அணுகலாம். 2021இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் களப்பணியாளர்கள் வீடு தேடி வரும்போது, குடும்பத்தினர் அனைவரும் இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம். பழைய அறிக்கைகளை ஒரு கோப்பில் தேதி வரிசையில் சேர்த்து வையுங்கள். ஒரே ஒரு எண்ணைவிட, ஆண்டுதோறும் அந்த எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே மருத்துவருக்கு மிகுதியாக உதவும்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்களே. உங்கள் உடல்நிலைக்கேற்ற முடிவை மருத்துவரின் ஆலோசனைப்படியே எடுக்க வேண்டும்.